புரிக்கு ஒரு சாட்சி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சாட்சியக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வேலை அகராதி தயாரிப்பது. மூன்று மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்களுடையது. நடு மாடியில் பல் வைத்தியர், கீழே போட்டோ ஸ்டுடியோ, தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. சுவர் முழுக்க மர இழுப்பறைகள், அவற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் அட்டைகள். ஒரு சொல்லின் ஒரு பொருளுக்கு ஒரு அட்டை. பழைய புத்தகத்தில் அந்தப் பொருள் இருந்தால் மட்டும் போதாது. இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தப் பொருளில் அதைப் பேச வேண்டும். அவரை நேரில் பார்த்து, தொழில், வயது, முகவரி எல்லாம் எழுதி, கையெழுத்தும் வாங்கி வர வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்தான் சாட்சி. இரண்டு வருடம் தேடியும் சாட்சி கிடைக்காவிட்டால் அந்தப் பொருளின் பக்கத்தில் சின்னதாக ஒரு கத்திக் குறி விழும். வழக்கொழிந்துவிட்டது என்று அர்த்தம். "எத்தனை பேருக்குக் கத்தி போட்டே?" என்று நான் மாடிப்படியில் நின்று அக்காவிடம் கேட்டதைக் காதில் வாங்கிய ஒருவர், பல் வலியை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வைத்தியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாங்களெல்லாம் வாரத்துக்கு மூன்று அட்டை கொண்டு வந்தாலே பெருமூச்சு விடுவோம். அக்கா பத்துக்குக் குறைந்து கொண்டு வந்ததில்லை. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், செருப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது, எப்போதும் அவள் கை தோள்பைக்குள்தான் இருக்கும். "இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரை நிறுத்தி, திட்டிய வார்த்தைக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். வாங்கிய பிறகு அவர்களுக்குச் சண்டையைத் தொடர மனம் வரவில்லையாம்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எனக்கு அத்தான் முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம். "வீட்டுல வாயத் திறக்கவே பயமா இருக்கும்மா. உப்பு கம்மின்னு சொன்னா, கம்மிக்குக் கையெழுத்துக் கேப்பா" என்பார். ஆனால் அவர் சொல்லித்தான் எத்தனையோ டிரைவர்களும் கண்டக்டர்களும் அவளுக்குச் சாட்சியானார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அக்காவின் அட்டைகள் பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டன. நாற்பத்தாறு இழுப்பறைகள்.

அவற்றில் அவளுக்கு உயிரான சொல் ஒன்று இருந்தது. புரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது அவள் பங்குக்கு வந்தது. சின்னச் சொல்தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாளாம். ஆளைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டுவிட்டது.

முறுக்குவது, சுற்றுவது என்பதுதான் அதன் பழைய பொருள் என்று அவள் சொல்வாள். அதிலிருந்து கயிற்றின் ஒவ்வொரு பிரியும் புரி ஆயிற்று. வைக்கோலை முறுக்கித் திரித்தாலும் புரி. சங்கு வலப்பக்கமாகச் சுழிந்தால் வலம்புரி. பழைய பாட்டுகளில் யாழ் நரம்பும் புரிதான், ஒன்றை விரும்புவதும் புரிவதுதான். அப்புறம் குற்றம் புரிகிறார்கள், திருமணம் புரிகிறார்கள். கடைசியில், நமக்குச் சொன்னது புரிகிறது, அல்லது புரியவில்லை. எங்கள் அகராதியில் எதிரே வேற்றுமொழிச் சொல்லும் போட வேண்டும். ஒரு புரிக்குப் பத்து வேற்றுமொழிச் சொல் தேவைப்பட்டது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"தனித்தனி இழையா இருக்கறதை முறுக்கி ஒண்ணாக்கிட்டா கயிறு. தனித்தனியா கேட்டதை மனசுல முறுக்கி ஒண்ணாக்கிட்டா புரிஞ்சிடுச்சு. சரிதானே?" என்று அக்கா ஒருநாள் எங்கள் பதிப்பாசிரியரிடம் கேட்டாள்.

"கேக்க நல்லா இருக்கு. சான்று..." என்று நிறுத்தினார். அவர் எந்த வாக்கியத்தையும் பாதியில்தான் நிறுத்துவார். அதனால் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். அதையும் நான்தான் வைத்தேன்.

அக்கா ஒவ்வொரு பொருளுக்கும் ஆள் தேடிப் போனாள். லாரியில் சரக்குக் கட்டுகிறவர் ஒருவர், கயிறு புரி விட்டுப்போச்சு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாடு வளர்க்கும் அம்மா ஒருத்தி வைக்கோற்புரிக்குச் சாட்சி. துறைமுகத்தில் சங்கு விற்பவர் ஒருவர். குற்றம் புரிவதற்குக் கோர்ட் குமாஸ்தா. யாழ் நரம்புக்கும் விருப்பத்துக்கும் ஆள் கிடைக்கவில்லை, கத்தி விழுந்தது. அன்று அக்கா சாப்பிடவில்லை என்று அத்தான் எனக்குப் போன் செய்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லுக்காகப் பட்டினி கிடக்கிற ஜாதி எங்கேயாவது உண்டா?

இத்தனையும் நடந்து, 'ப' தொகுதி அச்சாகிப் பதினெட்டு வருடம் ஆயிற்று. இந்த வருடம் திருத்திய பதிப்பு வர வேண்டும். அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப்போகிறோம் என்றார் அரைப்புள்ளி. அதற்கு முன் பழைய சாட்சிகளைத் தேடிப்பிடித்துச் சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு விதியும் எழுதி ஒட்டினார். ஒருவர் கொண்டுவந்த அட்டைகளில் ஒரு சாட்சி பொய்யென்று தெரிந்தாலும், அந்தக் கையிலிருந்து வந்த எல்லா அட்டைகளும் விலக்கப்படும்.

எனக்குப் 'பு' வந்தது. புரியில் பத்தாவது அட்டை இப்படி இருந்தது: 'கம்பிச் சுருளின் ஒரு சுற்று. சாட்சி: மோட்டார் வைண்டிங் செய்பவர், ஆண், வயது 45. ரயில்வே கேட் தெரு.' கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அக்காவின் எழுத்து.

ரயில்வே கேட் தெருவில் வைண்டிங் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிற இடங்கள். வார்னிஷ் வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வயதுக் கணக்கில் இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும் ஒருவரை நான் கடை கடையாக விசாரித்தேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை. முப்பது வருடமாக அங்கே டீக்கடை வைத்திருப்பவர், "இந்தத் தெருவுல செத்தவங்க, ஓடிப்போனவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். நீங்க சொல்ற ஆள் ரெண்டுலயும் இல்ல" என்றார்.

மறுநாள் மதியம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அட்டையை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

"அப்படி ஒரு ஆள் இல்லடி" என்றாள்.

"அதைத்தான் ரெண்டு மணி நேரம் வெயில்ல நடந்து கண்டுபிடிச்சேன். முதல்லயே சொல்லியிருந்தா செருப்பாவது தேயாம இருந்திருக்கும்."

"ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் சுத்துன்னு சொன்னார், ஒருத்தர் இங்கிலீஷ்ல டர்ன்னு சொன்னார். ஒரு வாய்கூடப் புரின்னு சொல்லலை. பழைய கொல்லர் ஏட்டுல ஒரே ஒரு இடத்துல இருக்கு, செம்புக் கம்பியை ஏழு புரி சுத்துன்னு. நேரா அந்த வேலைக்கே உண்டான வார்த்தை. அன்னிக்கு ரெண்டு வருஷக் கெடு முடியுது. ஏற்கெனவே ரெண்டுக்குக் கத்தி போட்டிருந்தேன். மூணாவதுக்குக் கை வரலை. இடது கையால கையெழுத்துப் போட்டேன்."

அவள் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். இல்லை. இருபது வருடமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவளைப் போல் தோளைத் தேய்த்துக்கொண்டாள். நான்தான் கணக்குப் போட்டேன். பதினோராயிரம் அட்டை. அதில் மூன்றில் ஒரு பங்குச் சொற்களுக்கு அவளைத் தவிர வேறு யாரும் சாட்சி பிடித்ததில்லை. அவள் அட்டைகள் போனால் அத்தனைக்கும் கத்தி விழும்.

"இழுப்பறைச் சாவி உன்கிட்டதானே இருக்கு. இந்த ஒரு அட்டையை எடுத்துக் கிழிச்சுப் போட்டுடு. நான் பார்க்கவே இல்லை" என்றேன்.

"கிழிச்சா இந்தப் புரிக்குக் கத்தி."

"சரி, நான் ஆள் இறந்துட்டார்னு எழுதிடறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறக்காத மனுஷனைச் சாகடிக்காதடி. பாவம்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மத்த அட்டையில கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் நிஜமான ஆளுங்க. வேலையை விட்டுட்டு நின்னு எனக்குப் பதில் சொன்னவங்க. என் பொய்யோட அவங்களையும் ஒரே இழுப்பறையில வச்சிருக்கேன். இனிமே முடியாது" என்று எழுந்து கீழே போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். போவதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.

அரைப்புள்ளி வெகு நேரம் அந்த அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அக்காவை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். "ஒரு பானைச் சோத்துக்கு..." என்றார். மீதியைச் சொல்ல அவசியமும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு இழுப்பறைகளும் சுவரிலிருந்து உருவப்பட்டு, நடைவழியில் சணலால் கட்டி அடுக்கப்பட்டன. சுவர் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அக்கா அவற்றைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதுகூட அட்டைகள் மேல் படக்கூடாது என்பது போல.

மறுநாள் அவளே அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "ஒரு சோறு பதம்னு சொன்னீங்க. நான் மறுக்கலை. மீதிப் பானையையும் திறந்து பார்த்துடுங்க. நான் கிட்டவே வர மாட்டேன். வேற யாராவது பார்க்கட்டும்."

"பதினோராயிரத்தையும் யாரு..."

"நான்" என்றேன். அப்புறம்தான் எண்ணிக்கை மண்டையில் உறைத்தது.

அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். பத்துக்கு ஒன்று என்று எடுப்பது. ஆயிரத்து நூறு அட்டை. நாற்பது நாள். ஆயிரத்து நூறில் ஒரே ஒரு சாட்சி பொய்த்தாலும் மொத்தமும் குப்பைக்குப் போகும். எல்லாம் நின்றால் எல்லாம் சுவருக்குத் திரும்பும்.

தட்டச்சு செய்கிறவர், கடைநிலை ஊழியர், கணக்காளர் என்று ஆறு பேர் உட்கார்ந்தோம். கணக்காளர் முதல் நாளே, "அவங்க செஞ்ச தப்புக்கு எங்களுக்கு ஏன் தண்டனை?" என்று முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். போனில் கிடைத்த குரல்கள் அப்படி.

"அந்தப் பையை மாட்டிக்கிட்டு வருவாங்களே, அந்தம்மாவா? என்கிட்ட கையெழுத்துக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்" என்றார் ஒரு பாய் முடைபவர். துறைமுகச் சங்கு வியாபாரி, "இன்னும் வலம்புரின்னு சொல்லித்தான் ஏமாத்திட்டிருக்கேன்" என்றார். லாரிக்குச் சரக்குக் கட்டுகிறவர் இறந்திருந்தார். விதிப்படி வீட்டு ஆட்கள் சொன்னால் போதும். அவர் மகள், "அப்பா சொல்வாரு. நாங்களும் சொல்வோம். இப்ப என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சில்ல. புரி விட்டுப்போச்சுன்னுதான் சொல்லிக்கறோம்" என்றாள். அது எங்களிடம் இல்லாத பொருள். ஒரு புது அட்டை எடுத்து எழுதினேன். சரிபார்க்கப் போன இடத்தில் புரிக்கு இன்னொரு குழந்தை பிறந்துவிட்டது.

அக்கா அத்தனை நாளும் மூலையில் உட்கார்ந்து இழுப்பறைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பசை தடவும் கை நின்றுவிடும்.

முப்பத்தாறாம் நாள் வந்தது ஆபத்து. 'சுருணை: துடைக்கிற துணிச் சுருள். சாட்சி: குடை ரிப்பேர் செய்பவர்.' அவரைப் போனில் பிடித்தால், "சுருணையா? அப்படியெல்லாம் நான் பேசறதே இல்ல" என்கிறார். அக்காவின் பக்கம் திரும்பாமலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குடைக்காரர் கறாரான மனிதர். என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, தான் படித்தவர் என்றும் கரித்துணி என்று சொல்வதே வழக்கமென்றும் விளக்கினார். இடையில் அவர் முழங்கை தட்டி டீ முழுவதும் மேஜையில் கொட்டியது. குடைத் துணியெல்லாம் நனைகிற பதற்றத்தில் உள்ளே பார்த்து, "அடியே, அந்தச் சுருணைய எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தார்.

நான் அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். "அவசரத்துல வர்றதெல்லாம் கணக்கா?" என்றார். "அதுதாங்க கணக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தெருவுக்கு வந்ததும் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, எனக்குக் கவலையும் இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் ஆயிரத்து நூறும் முடிந்தது. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. சணல் அறுக்கப்பட்டது. கணக்காளரே முதல் இழுப்பறையைச் சுவரில் சொருகினார். அக்கா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். அரைப்புள்ளி மட்டும் அந்த ஒரு அட்டையை மேஜையில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில்வே கேட் தெருவில் நான் தேடியது ஆளை. சொல்லைத் தேடவே இல்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். பிறகு பயந்துபோய் என் கையை எடுத்துக்கொண்டேன்.

மறுபடி ரயில்வே கேட் தெருவுக்குப் போனேன். முதல் இரண்டு கடையில் சுத்து என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது கடையில் பழுப்பு மேல்சட்டை போட்ட பெண் ஒருத்தி கைச் சக்கரத்தைத் திருப்பிக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. முடிக்கும்வரை காத்திருந்து, எத்தனை என்று கேட்டேன்.

"இருநூத்து நாப்பது புரி" என்றாள்.

"புரியா? யார் சொல்லிக்குடுத்தா?"

"பாலிடெக்னிக் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. சுத்துன்னா கடைக்கு வர்றவங்களுக்குக் குழப்பம், எதைச் சுத்தறதுன்னு. இப்ப எங்க கடையில எல்லாருமே புரிதான்."

அந்தப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கலைச்சொற்கள் எங்கள் 'ப' தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை என்று போட்டிருந்தது.

அரைப்புள்ளி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பொய்யில முளைச்சது..." என்று தொடங்கினார். பிறகு எங்கள் விதிப் புத்தகத்தைப் பிரித்து முழுதும் படித்தார். சாட்சி அந்தச் சொல்லை யாரிடம் கற்றார் என்று எங்கேயும் கேட்கவில்லை. பேசுகிறாரா என்றுதான் கேட்டிருந்தது. ஒரு வெற்று அட்டையை எடுத்து அக்காவின் பக்கம் நகர்த்தி, "நீயே போ" என்றார்.

நானும் கூடப் போனேன். அக்கா அந்தப் பெண் முன்னால் நின்று, வழக்கம்போல் தொழில் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுதினாள். இருபத்தாறு. கையெழுத்துக்கு முன்னால் பேனாவை நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. இருபது வருஷம் முன்னாடி இந்த வார்த்தையை இந்தத் தெருவுல யாரும் சொல்லலை. யாரோ சொன்ன மாதிரி, இல்லாத ஒரு ஆளை எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். அதைப் பார்த்துத்தான் உங்க புத்தகத்துல போட்டாங்க."

அந்தப் பெண் சக்கரத்தை விட்டுக் கையை எடுத்தாள். "அப்ப இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதானா?"

"அப்படி வேணும்னா சொல்லிக்கலாம். ஆனா நான் பண்ணது பொய்தான். இல்லாத ஆள் போட்ட கையெழுத்து அது."

அவள் கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா, இருக்கிற ஆள் நான் போடறேன். அட்டையைக் குடுங்க" என்றாள்.